கணக்கை மூடுவது கடைசி வேலை

ஆப்பை அழிக்காதீர்கள். கணக்கை மூடாதீர்கள். சாவியை, அதாவது கணக்கு உங்களுடையதுதான் என்று காட்டும் இரகசியக் குறியீட்டை, தொலைக்காதீர்கள். மஸ்டோடன், ப்ளூஸ்கை, நோஸ்டர் (மூன்றும் சமூக ஊடகங்கள்), ஐபிஎஃப்எஸ் (கோப்புகளைப் பல கணினிகளில் வைத்துப் பகிர்வது) மாதிரியான திறந்த வலையமைப்புகளில் போட்ட ஒன்றை எடுக்க வேண்டும் என்று பதறி வருகிறவர்களில் பலர் இந்த மூன்றில் ஒன்றைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். "அண்ணா, போன்ல எல்லாத்தையும் அழிச்சிட்டேன், ஆனா அந்தப் படம் இன்னும் வருது" என்று சொல்வார்கள். போனில் அழிந்தது ஆப் மட்டும்தான். படம் இருப்பது நாலைந்து நாடுகளில், ஒருவரையொருவர் அறியாத ஆட்கள் நடத்தும் செர்வர்களில்.

ஒரே கம்பெனியின் தளத்தில் அழித்தால் அந்தக் கம்பெனி அழிக்கும். அழிக்காவிட்டால் யாரிடம் கேட்பது என்றாவது தெரியும். இங்கே ஒவ்வொரு செர்வரும் தனி வீடு. நீங்கள் 'அழி' என்று அழுத்தும்போது உங்கள் கணக்கின் கையொப்பத்தோடு ஒரு வேண்டுகோள் கிளம்புகிறது. அந்தக் கையொப்பம் இருந்தால்தான் மற்ற செர்வர்கள் அதை மதிக்கும். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் யாருடைய பதிவையும் அழித்துவிட முடியும் அல்லவா? ஆகவே கையொப்பம் போடும் வசதியை முதலிலேயே கைவிட்டால், வேண்டுகோள் அனுப்பும் தகுதியே போய்விடுகிறது. கீழே வருவதில் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்தைச் சுற்றித்தான்.

எதை அவசரமாக எடுக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. இலங்கை மலையகத்தில் அடிக்கடி வெளியே போய்விடுவது அடையாள அட்டை. வேலைக்கு விண்ணப்பம், நிவாரணப் பட்டியல், வெளிநாட்டு ஏஜென்சி என்று ஏதோ ஒன்றுக்காக ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கொமியூனிகேஷன் கடையில் ஸ்கேன் பண்ணுகிறார்கள். அந்தப் படம் போனிலேயே கிடந்து, ஒருநாள் வேறு படங்களோடு சேர்ந்து ஏறிவிடுகிறது. பெயரை மட்டும் மறைத்துவிட்டு இலக்கத்தை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அந்த இலக்கமே நிறையச் சொல்லிவிடும். 12 இலக்க அட்டையில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 1994612 என்று தொடங்கினால் 1994இல் பிறந்த பெண். 612இல் 500 போக 112. பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக வைத்துத்தான் இந்தக் கணக்கு, ஆகவே ஏப்ரல் 21. பழைய ஒன்பது இலக்க அட்டையிலும் இதே முறைதான், ஆண்டுக்கு மட்டும் இரண்டு இலக்கம். கடவுச்சொல்லை மாற்றலாம், பிறந்த தேதியை மாற்ற முடியாது. இது வெளியே போயிருந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்து இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அடுத்தது இடத்தைக் காட்டிக்கொடுக்கும் எழுத்து. சம்பளம், காணி, வீட்டுரிமை பற்றி எழுதும் பிள்ளைகள் பெயரை மாற்றிக்கொள்கிறார்கள், ஆனால் தோட்டத்தின் பெயர், டிவிசன் (தோட்டப் பிரிவு), லய இலக்கம் (லயம் என்பது தொழிலாளர் வரிசை வீடு) மூன்றையும் ஒரே பதிவில் போட்டுவிடுகிறார்கள். கொழும்பில் ஒரு தெருப் பெயர் சொன்னால் ஆயிரம் பேரில் ஒருவர். இங்கே ஒரு லயத்தைச் சொன்னால் பத்துப் பன்னிரண்டு வீடு, அதில் போனும் கையுமாக இருக்கும் பிள்ளை யார் என்று எல்லோருக்கும் தெரியும். படமாக இருந்தால் இன்னொன்று: போன் கேமரா படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவையும் எழுதிவைக்கலாம். மஸ்டோடன் ஏற்றும்போது அதை நீக்கிவிடும். ஐபிஎஃப்எஸ் கோப்பை இருந்தபடியே வைத்துக்கொள்ளும். நோஸ்டரில் படத்தை ஏற்கும் செர்வரைப் பொறுத்தது.

மஸ்டோடனில் செய்ய வேண்டியது. முதலில் அமைப்புகளுக்குள் போய் உங்கள் பதிவுகளின் தொகுப்பைக் கேளுங்கள். ஏழு நாளுக்கு ஒருமுறைதான் தரும். அதற்குள் இருக்கும் அவுட்பாக்ஸ் கோப்பில் ஒவ்வொரு பதிவின் முழு முகவரியும் இருக்கும். பிறகு வேறு செர்வர் நடத்துநருக்கு எழுத நேர்ந்தால் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். அதன் பிறகு பிரச்சினையான பதிவை அழியுங்கள். திருத்தாதீர்கள். திருத்தினால் பழைய வடிவம் திருத்த வரலாறாக அப்படியே நிற்கும், 'திருத்தப்பட்டது' என்பதைத் தொட்டால் யாரும் பார்க்கலாம். அடையாள அட்டை இலக்கத்தைத் திருத்தி எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எழுத்து வேண்டும், இலக்கம் மட்டும் வேண்டாம் என்றால் 'அழித்து மறுபடி எழுது' என்ற வசதி இருக்கிறது. அது பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடும்.

ஒரு பதிவை அழிக்கும் செய்தி உங்களைப் பின்தொடர்பவர்கள் இருக்கும் செர்வர்கள், அதைப் பகிர்ந்தவர்கள், அதில் பெயர் சொல்லப்பட்டவர்கள் ஆகியோருக்குப் போகும். யாரோ ஒருவர் இணைப்பை ஒட்டித் தேடிப் பார்த்ததால் மட்டும் பதிவு போய்ச் சேர்ந்த செர்வருக்கு அது போகாமல் இருக்கலாம். இரண்டு செர்வர்கள் இடையில் சண்டை பிடித்து உறவை அறுத்துக்கொண்டிருந்தாலும் இதே கதை: பின்தொடர்வோர் அறுபடுவதால் அந்தப் பக்கத்துப் பழைய பிரதி அங்கேயே நிற்கும். எதிர்முனை செர்வர் அந்த நேரம் படுத்திருந்தால் மஸ்டோடன் மறுபடி மறுபடி முயலும். ஏழு வெவ்வேறு நாட்களில் தோற்றால் அந்தச் செர்வரைச் செத்ததாக எடுத்துக்கொண்டு விட்டுவிடும். அது பிறகு எழுந்தால் உங்கள் பதிவும் கூடவே எழும்.

கணக்கையே அழிக்கும்போது போகும் செய்தி இதைவிடப் பரவலானது, உங்கள் செர்வருக்குத் தெரிந்த எல்லாச் செர்வர்களுக்கும் போகும். அப்படியென்றால் நேரே கணக்கை அழித்துவிடலாமே என்று கேட்கலாம். அழிக்கலாம், ஆனால் அது ஒரே குண்டு. விடுபட்ட செர்வர் எது என்று பிறகு தெரிந்தால் மறுபடி அனுப்பக் கணக்கு இருக்காது, அதே பெயரில் அந்தச் செர்வரில் மறுபடி பதியவும் முடியாது. பதிவுகளை முதலில் அழித்து, ஒரு வாரம் விட்டு, வேறு இரண்டு மூன்று செர்வர்களில் கணக்கு வைத்திருக்கும் நண்பர்களிடம் உங்கள் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு கணக்கு.

நிறைய எழுதியவர்களுக்கு நேரக் கணக்கு: மஸ்டோடன் 30 நிமிடத்துக்கு 30 பதிவு அழிக்கத்தான் விடும். ஆயிரம் பதிவை ஏதாவது கருவி வைத்து அழித்தால் கிட்டத்தட்ட 17 மணிநேரம். நடுவில் நின்றுபோனால் பழுது என்று நினைத்து மறுபடி மறுபடி அழுத்த வேண்டாம். அவசரமில்லாதவற்றுக்குத் தானாக அழியும் வசதியைப் போட்டுவிடலாம்; ஒரு வாரம் முதல் இரண்டு வருடம் வரை காலம் தெரிவு செய்யலாம். அதில் பக்கத்தின் மேலே 'பின்' (pin) பண்ணி நிறுத்திய பதிவு, படம் உள்ள பதிவு, நேரடிச் செய்தி போன்றவற்றுக்கு விதிவிலக்குக் கட்டங்கள் இருக்கின்றன. எது டிக் ஆகியிருக்கிறது என்று பார்க்காமல் விட்டால், அழிய வேண்டியதே தங்கிவிடும்.

செர்வர் மாறியவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மாறும்போது பின்தொடர்வோர்தான் புது வீட்டுக்கு வருகிறார்கள், பதிவுகள் பழைய வீட்டிலேயே இருக்கின்றன. பழைய கணக்கில் நுழைந்துதான் அவற்றை அழிக்க வேண்டும். நேரடிச் செய்தி என்பது பூட்டிய கடிதமும் அல்ல. இரு பக்கத்துச் செர்வர் நடத்துநர்களாலும் படிக்க முடியும், பெறுபவரின் செர்வரில் ஒரு பிரதி இருக்கும்.

ப்ளூஸ்கையில் அழிப்பது சுலபம், பிரதி எடுப்பதும் அதே அளவு சுலபம். எல்லோருடைய பதிவுகளும் ஒரே ஓடையாகத் திறந்து ஓடுகின்றன, யாரும் குழாய் போட்டுச் சேமிக்கலாம். அழித்த செய்தியும் அதே ஓடையில்தான் வருகிறது. சேமிப்பவர் அதை மதிப்பதும் மதிக்காததும் அவர் இஷ்டம். 2024 நவம்பரில் பத்து லட்சம் ப்ளூஸ்கை பதிவுகளின் தொகுப்பு ஒன்று இயந்திரக் கற்றலுக்கென்று, அதற்கான தரவுகளைப் பகிரும் ஹக்கிங் ஃபேஸ் தளத்தில் ஏற்றப்பட்டது. எதிர்ப்பு வந்ததும் ஏற்றியவரே எடுத்துவிட்டார். அதன் பிறகு அதைவிடப் பெரிய தொகுப்புகளை வேறு ஆட்கள் ஏற்றினார்கள். எதிர்ப்புத் தெரிவித்தவர்களை வெறுப்பேற்றவே சிலர் செய்தார்கள் என்பது எங்கள் எண்ணம்.

அங்கே பலருக்குத் தெரியாத ஒரு மூலை பயனர் பெயர். பெரும்பாலான கணக்குகளின் அடையாளம் பிஎல்சி என்ற பொதுப் பதிவேட்டில் இருக்கிறது. பெயரை மாற்றும்போதெல்லாம் அதில் ஒரு வரி சேரும், பழைய வரி போகாது. சொந்தப் பெயரும் ஊர்ப் பெயருமாகத் தொடங்கி, பிறகு புனைபெயருக்கு மாறியவரின் முதல் பெயரை அந்தப் பதிவேட்டில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். பதிவுகளை எல்லாம் துடைத்தாலும் அது நிற்கும். இதற்கு ஒரே வழி, புனைபெயரில் எழுத நினைப்பவர் பழைய கணக்கின் பெயரை மாற்றாமல் புதுக் கணக்கே தொடங்குவது. பழையதை மூடும்போது 'செயலிழக்கச் செய்' என்பதும் 'அழி' என்பதும் வேறு வேறு. முதலாவதைத் திரும்பத் திறக்கலாம், இரண்டாவதற்கு மின்னஞ்சலில் வரும் குறியீடும் கடவுச்சொல்லும் வேண்டும். பழைய மின்னஞ்சல் கைவிட்டுப் போயிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

நோஸ்டரில் கணக்கு என்று ஒன்று கிடையாது, ஒரு சாவி ஜோடிதான்: ஒன்று எல்லோருக்கும் தெரிவது, மற்றது இரகசியம். இரகசியச் சாவி தொலைந்தால் எந்த நடத்துநரிடமும் முறையிட முடியாது. அதனால் முதல் வேலை, அந்தச் சாவியை ஒரு தாளில் எழுதி வைப்பது. ஆப் அழிப்பதெல்லாம் பிறகு. அழிக்கும் முறையை நிப்-09 என்ற வரையறை சொல்கிறது: ஐந்தாம் வகை 'நிகழ்வு' (அங்கே வெளியிடும் ஒவ்வொன்றுக்கும் பெயர் அதுதான்) ஒன்றை வெளியிட்டு, அழிய வேண்டிய பதிவுகளின் அடையாளங்களை அதில் பட்டியலிட வேண்டும். அந்த வரையறையின் தலைப்பிலேயே 'வேண்டுகோள்' என்றுதான் இருக்கிறது. ரிலே எனப்படும் செர்வர்கள் அதை ஏற்றால் பதிவை நிறுத்திவிட்டு வேண்டுகோளை மட்டும் வைத்துக்கொள்ளும். யாராவது பழைய பதிவை மறுபடி அனுப்பினாலும் மறுக்க அது உதவும். ஆகவே அழிப்பு வேண்டுகோளையே அழிக்க முயல வேண்டாம், பலனும் இல்லை.

இங்கே இடம் ஒரு சிக்கல். ஆப் அந்த நேரம் எந்த ரிலேக்களோடு தொடர்பில் இருக்கிறதோ அவற்றுக்குத்தான் வேண்டுகோள் போகும். தோட்டத்தில் ஒரு பாறை மேலே ஏறினால்தான் சிக்னல் என்ற நிலையில், பத்து ரிலேயில் நாலுதான் பிடித்திருக்கும். நாலுக்குப் போய்விட்டு ஆப் 'அழிந்தது' என்று காட்டும். சிக்னல் நிலையாக இருக்கும் இடத்துக்கு வந்து, ரிலே பட்டியலைத் திறந்து எல்லாம் பச்சை காட்டுகிறதா என்று பார்த்து, அதன் பிறகு அனுப்புங்கள். முன்பு பயன்படுத்திப் பிறகு பட்டியலில் இருந்து எடுத்துவிட்ட ரிலேக்களையும் தற்காலிகமாகச் சேர்க்க வேண்டும், பழைய பதிவு இருப்பது அங்கேதான். முகப்புப் படம், பெயர், அறிமுகம் ஆகியவற்றுக்கு அழிப்பதைவிட வெற்றாக மேலெழுதுவது நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் அந்த வகையில் கடைசியாக வந்ததை மட்டும்தான் ரிலே வைத்திருக்க வேண்டும். படங்கள் வேறு செர்வரில் இருப்பவை. பதிவு போனாலும் படத்தின் நேரடி இணைப்பு திறந்தபடி இருக்கும், அந்தச் செர்வரில் தனியாக அழிக்க வேண்டும், அதற்கும் அதே சாவி.

மேட்ரிக்ஸ் என்ற திறந்த அரட்டை வலையமைப்பில் செய்தியை நீக்கினால் எழுத்து போகும், அனுப்பிய படம் செர்வரின் ஊடகக் கிடங்கில் தங்கும். சினாப்ஸ் என்ற மேட்ரிக்ஸ் செர்வர் மென்பொருளில் நீக்கிய எழுத்தே இயல்பாக ஏழு நாள் தரவுத்தளத்தில் இருந்துவிட்டுத்தான் போகிறது. முழு மறையாக்கம் உள்ள அறை, அதாவது அறையில் இருப்பவர்கள் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டியது என்றால் பாதகம் குறைவு: படத்தைத் திறக்கும் சாவி செய்திக்குள் இருக்கிறது, செய்தி நீங்கினால் கிடங்கில் இருப்பது வெறும் இரைச்சல். மறையாக்கம் இல்லாத அறையில் அடையாள அட்டை போகவே கூடாது.

ஐபிஎஃப்எஸ் விடயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் பழைய ஆவணங்களைக் காக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் அதற்குள் போகிறவர்கள் உண்டு. தாத்தாவின் இந்தியக் கடவுச்சீட்டு, மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றிய 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தக் காலத்துக் கடிதங்கள், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கிடைத்த குடியுரிமைப் பத்திரம் என்று ஸ்கேன் பண்ணி ஒரு கோப்புறையாகப் போடுகிறார்கள். அதில் உயிரோடு இருப்பவர்களின் பிறப்புச் சான்றிதழும் சேர்ந்துவிடுகிறது. பிறகு உறவினர் ஒருவர் எடுக்கச் சொல்கிறார்.

அங்கே முகவரி என்பது உள்ளடக்கத்தில் இருந்தே பிறப்பது. அந்த ஒரு சான்றிதழை எடுத்துவிட்டுக் கோப்புறையை மறுபடி ஏற்றினால் புது முகவரி வரும். பழைய முகவரியில் பழையது அப்படியே இருக்கும். பெயர்ச்சுட்டியை (எந்த முகவரிக்குப் போவது என்று காட்டும் நிலையான பெயரை) புதியதற்குத் திருப்பினாலும் பழைய முகவரி தெரிந்தவருக்கு ஒன்றும் மாறவில்லை. எடுக்க வேண்டிய வரிசை இப்படி: கோப்புறையின் 'பின்'னை (உங்கள் கணினியில் அழியாமல் வைத்திருக்கச் சொல்லும் pin குறியை) நீக்குங்கள். அதற்குள் உள்ள கோப்பைத் தனியாகப் பின் பண்ணியிருக்கிறீர்களா என்று பின் பட்டியலில் பாருங்கள். டெஸ்க்டாப் ஆப்பின் கோப்புகள் பகுதியிலும் இருந்தால் அதையும் எடுங்கள், அங்கே இருக்கும் எதையும், 'பின்' இல்லாதவற்றைத் துடைக்கும் குப்பை அகற்றும் கட்டளை தொடாது. அதன் பிறகு அந்தக் கட்டளையை நீங்களே ஓட்டுங்கள். தானாக ஓடும் வசதி இயல்பில் அணைந்திருக்கும். பணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காக 'பின்' பண்ணி வைத்திருக்கும் சேவை ஏதாவது இருந்தால் அதன் கணக்கிலும் நீக்க வேண்டும். மற்றவர்கள் பின் பண்ணியதை அவர்கள்தான் நீக்க முடியும், எனவே யார் யாருக்கு முகவரி கொடுத்தீர்கள் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் தேடிப் பாருங்கள்.

சோதிக்கிறேன் என்று பொது கேட்வே (ஐபிஎஃப்எஸ் கோப்பைச் சாதாரண உலாவியில் காட்டும் தளம்) ஒன்றில் முகவரியைத் திறக்காதீர்கள். எங்காவது ஒரு பிரதி மிச்சமிருந்தால் கேட்வே அதை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். சோதனையே புதுப் பிரதியாகிவிடும். யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் தேடல் கட்டளையைப் பயன்படுத்துங்கள், அது உள்ளடக்கத்தை இழுக்காது. நீங்கள் அழித்த பிறகும் 48 மணிநேரம் வரை உங்கள் கணினியின் பெயரே அதில் வரலாம், அந்தப் பதிவு காலாவதியாகும் நேரம் அது. இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். இனிமேல் போடுகிறவர்கள் மறையாக்கம் செய்து போடுங்கள்; எடுக்க வேண்டிய நாளில் சாவியை அழித்தால் போதும், மிச்சப் பிரதிகள் எங்கே கிடந்தாலும் கவலையில்லை.

ஆர்வீவ், பிளாக்செயின் என்று, எழுதியதை அழிக்க முடியாத சேமிப்புகள் பக்கம் போனவற்றுக்கு வழி கிடையாது. ஆர்வீவ் ஒருமுறை பணம் கட்டினால் குறைந்தது 200 ஆண்டு வைத்திருப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஒருவரின் தனிப்பட்ட தகவலை அதில் ஏற்றச் சொல்லும் எந்தத் திட்டத்துக்கும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

தானாக அழியாத செர்வர்களுக்கு எழுத வேண்டும். அநேகமாக எல்லாச் செர்வரிலும் 'பற்றி' பக்கத்தில் நடத்துநரின் தொடர்பு இருக்கும். பதிவின் முழு முகவரி, அழித்த தேதி, அதில் இருக்கும் தகவல் என்ன வகை, இவ்வளவு போதும். கோபமும் மிரட்டலும் தாமதப்படுத்தும். நடத்துபவர் பெரும்பாலும் சம்பளமில்லாமல் இரவில் வேலை பார்க்கும் ஒருவர். அந்தத் தகவலையே சான்றாக மின்னஞ்சலில் இணைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. இன்னொரு இடத்தில் பிரதி போகிறது என்று யோசிப்பதில்லை. செர்வர் ஐரோப்பாவில் என்றால் அங்குள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 17ஆம் பிரிவைச் சுட்டலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அழிக்கக் கோரும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது, அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கடல் கடந்த ஒரு பொழுதுபோக்குச் செர்வரிடம் அதைக் காட்டி வேலை வாங்குவது கஷ்டம், மரியாதையான கடிதம்தான் அதிகம் வேலை செய்கிறது.

அந்தரங்கப் படம் என்றால் வரிசையே வேறு. 18 வயதுக்கு மேற்பட்டவர் என்றால் சம்மதமின்றி அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க உதவும் ஸ்டாப்என்சிஐஐ தளத்தில் படத்தின் 'கைரேகையை' (அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீட்டை) பதியலாம், படம் போனைவிட்டு வெளியே போகாது. அதில் சேர்ந்த பெரிய தளங்கள்தான் அதைத் தடுக்கும், சிறு செர்வர்களுக்குத் தனித்தனியாக எழுத வேண்டும். இலங்கையில் பெண்களுக்கு 1938 என்ற உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பிள்ளைகள் சம்பந்தப்பட்டது என்றால் உடனே 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தை அழையுங்கள். சான்றுக்கென்று ஸ்கிரீன்ஷாட் எடுக்கக் கூடாது, யாருக்கும் அனுப்பவும் கூடாது, முகவரியையும் நேரத்தையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

இளைஞர் மன்றம், நூலகம் என்று சொந்தமாகச் சிறு மஸ்டோடன் செர்வர் நடத்துகிறவர்களுக்குப் பொறுப்பு இரட்டிப்பு. மின்சாரம் போய் வந்ததில் தரவுத்தளம் கெட்டு, பத்து நாள் பழைய பேக்கப்பை ஏற்றினால், அந்தப் பத்து நாளில் உறுப்பினர்கள் அழித்ததெல்லாம் உயிர்பெற்றுவிடும். அழித்த பதிவுகளின் எண்களை மட்டும் ஒரு தனிக் கோப்பில் சேர்த்து வையுங்கள்; பேக்கப் ஏற்றியதும் செர்வரைத் திறப்பதற்கு முன் அவற்றை மறுபடி அழியுங்கள். பழைய பேக்கப்புகளை வருடக் கணக்கில் பென்டிரைவில் சேர்க்க வேண்டாம்.

நிதி இல்லாமல் மூடுகிறீர்கள் என்றால் கணினியை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். மஸ்டோடனில் தன்னையே அழித்துக்கொள்ளும் கட்டளை ஒன்று உண்டு, எல்லாக் கணக்குகளுக்கும் அழிப்புச் செய்தியை வெளிச் செர்வர்களுக்கு அனுப்பும். டொமைன் பெயரை (செர்வரின் இணைய முகவரியை) தட்டச்சு செய்து உறுதிப்படுத்தச் சொல்லும், அமைப்புக் கோப்பில் சேர்க்க ஒரு வரி தரும். சேர்த்து எல்லாவற்றையும் மறுதொடக்கம் செய்ய வேண்டும். அதன் பிறகு சைட்கிக் என்ற பின்னணி வேலையாள் வரிசை காலியாகும்வரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு மிச்சம் என்று அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் தெரியும். அந்தக் காலம் முழுதும் செர்வருக்கு மின்சாரமும் இணையமும் வேண்டும், டொமைனும் உயிரோடு இருக்க வேண்டும். மூடப்போகிறோம்தானே என்று டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, பாதி வரிசையில் பெயர் செத்துப்போனால் அழிப்புச் செய்திகளைச் சரிபார்க்க வழியில்லாமல் மற்றச் செர்வர்கள் தள்ளிவிடும், அதே பெயரை நாளை வேறு யாரும் வாங்கலாம். மூடும் தீர்மானம் எடுக்கும் கூட்டத்திலேயே டொமைனுக்கு இன்னொரு வருடப் பணத்தை ஒதுக்கிவிடுங்கள்.